வாப்பாவை மறந்த வீடு

நஸ்ருதீன் தன் கணினியின் ஹார்ட் டிஸ்க்கை மாற்றிய திங்கட்கிழமை பின்னேரம், ஐந்து சந்தியடியில் இருக்கும் அவருடைய வீடு அவரை மறந்துவிட்டது. தொழுதுவிட்டு வந்தவருக்குக் கதவு திறக்கவில்லை. மனைவி ஸபூராவுக்குத் திறந்தது, மகள் ஸஜானாவுக்குத் திறந்தது, பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் திறந்தது. ஆட்டின் பின்னால் ஒட்டிக்கொண்டு நுழையப் பார்த்தார். கதவு ஆட்டை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு அவர் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது.

தொண்ணூறில் போருக்குள் ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் இருந்து, தலை நரைத்துத் திரும்பி வந்தபோது இதே வீடு கூரையில்லாமல் கிடந்தது. அன்று அவரைக் கண்டதும் கிணற்றுத் தண்ணீரை விளிம்புவரை உயர்த்திக் காட்டியது. "அண்டைக்குத் தெரிஞ்ச என்னை இண்டைக்குத் தெரியேல்லையாமோ?" என்று வாசலில் நின்று சத்தம்போட்டார். வெள்ளிக்கிழமை ஸஜானாவின் நிக்காஹ் அந்த வீட்டில்தான். பெண்ணைக் கொடுக்கவேண்டிய வாப்பா றோட்டில் நின்றால் நடக்காது. டோஹாவில் வேலைசெய்யும் மகன் நிஸாம் நிக்காஹைக் கணினி வழியாகப் பார்க்கட்டும் என்றுதான், முனகிக்கொண்டிருந்த பழைய டிஸ்க்கை அவர் கழற்றியதே.

ஸபூரா யன்னல் கம்பிக்குள்ளால் புட்டுக் கோப்பையை நீட்டினாள். "மாப்பிள்ளை வீட்டார் கேட்டா என்ன சொல்லுறது? வாப்பா வாசல்லை காவலுக்கு நிக்கிறார் எண்டோ?"

புதன்கிழமை சாவகச்சேரியிலிருந்து கணினி திருத்தும் ஜெயரூபன் வந்தான். உள்ளே போய்த் திரையைப் பார்த்தான். "நஸ்ருதீன் நானா, பெட்டி பழசுதான், உள்ளுக்கை ஆள் மாறிட்டார். அதாலை தன்னை வேறை கொம்பியூட்டர் எண்டு நினைக்குது. பழைய ஆள்தான் எண்டு காட்டித் திரும்ப அக்ரிவேற் பண்ணோணும்."

"அப்ப வீடு?" என்றார் நஸ்ருதீன் வெளியிலிருந்து.

"வீடு அதைப் பாத்துப் பழகியிருக்கும். அது சரிவந்தா இதுவும் சரிவரும்."

கணினியின் கணக்கு நிஸாமின் பெயரில் இருந்தது. டோஹாவுக்குப் போவதற்கு முதல் அவன் போட்டுக்கொடுத்தது. தொலைபேசியில் அழைத்தார்கள். அவனுடைய போனுக்கு வந்த எண்ணைப் பதற்றத்தில் இரண்டு தரம் பிழையாகச் சொல்லி, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னான். கடைசியாகத் திரை ஒரு கேள்வி கேட்டது: நீங்கள் இப்போது பாவிக்கும் கணினி இதுதானா?

நிஸாம் தயங்கினான். "நான் பாவிக்கேல்லையே, ஜெயரூபன் அண்ணை. ஆறு வருசமா இங்கை எல்லோ நிக்கிறன். பொய் சொல்லிப் பிறகு ஏதும் பிரச்சினை வந்தா?"

"டேய், உது ஆற்றை வீட்டுக் கொம்பியூட்டர்?" என்றார் நஸ்ருதீன் வெளியிலிருந்து.

"எங்கடை வீட்டுக் கொம்பியூட்டர்."

"அப்ப ஓம் எண்டு சொல்லடா!" என்று கதவில் சாய்ந்தபடி கத்தினார் வாப்பா.

பிறகு நிஸாம், "ஓம். என்ரைதான்," என்றான். ஜெயரூபன் திரையிலிருந்த 'ஆம்' பொத்தானை அமத்தினான். கதவு திறந்த வேகத்தில் நஸ்ருதீன் உள்ளே விழுந்தார். அவரைத் தாண்டி ஆடு வெளியே போனது. கிணறு விளிம்புவரை வந்து கொஞ்சம் வழிந்தது.

வெள்ளிக்கிழமை விடியவே ஸபூரா கதவுக்குப் புது மருமகனின் பெயரைச் சொல்லிவைத்தாள். கரைச்சல் இல்லாமல் அவர் நுழைந்தார். நிஸாம் திரையில் அழுதும் சிரித்தும் எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு எடுக்கும் ஒவ்வொரு போனிலும் ஒன்றையே கேட்டான்: "உம்மா, நான் வந்தா வீட்டுக்கு என்னைத் தெரியுமோ? கண்ணாடி போட்டிட்டன். முடியும் கொட்டிட்டுது."

கார்த்திகை மழையில் அவன் வந்தான். பெட்டிகளோடு கேற்றைத் தாண்டப் பயந்து நனைந்துகொண்டு நின்றான். கதவு திறந்தது. எல்லா யன்னல்களும் திறந்தன. வாப்பா எப்போதோ ஆணியடித்து மூடிய பின்பக்க யன்னலும் ஆணிகளை உதிர்த்துவிட்டுத் திறந்தது.

ஸபூரா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வந்த கையோடை உந்த யன்னலுகளைச் சாத்து மனே. மெத்தையெல்லாம் நனையுது."