மணிமேகலைக்காகச் செய்த ஜெபங்கள்

அந்த ஆண்டு இலங்கைக்குப் போகிறவர் மணிமேகலை என்று பள்ளி முதல்வர் அறிவித்தபோது, முதலில் கைதட்டியவர் முத்துராஜ்தான். கொஞ்சம் பலமாகவே தட்டினார். தட்டி முடித்த பிறகு பார்த்தால் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

அட்டுவம்பட்டியில் இருக்கும் அந்த வேதாகமப் பள்ளி சிறியது. மூன்று வகுப்பறைகள், ஓர் ஆராதனை அறை, நாற்பது மாணவர்கள். மலைக் கிராமங்களில் சபை நடத்தப்போகிறவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, இதைப் போலவே இன்னொரு பள்ளி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஓர் உடன்பாடு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை இங்கிருந்து ஓர் ஆசிரியர் மூன்று மாதம் அங்கே போய்ப் பாடம் நடத்துவார். அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். போனவர்கள் எல்லாரும், தாங்கள் கற்றுக்கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டு வந்ததே அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

முத்துராஜ் பதினான்கு ஆண்டுகளாக அங்கே பிரசங்கக் கலையும் புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கமும் நடத்துகிறார். பாஸ்போர்ட் எடுத்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அதில் ஒரு முத்திரையும் விழவில்லை. மணிமேகலையோ அவரிடமே படித்து, அங்கேயே ஆசிரியையானவள். கிளாவரை மலைக் கிராமத்தில் பூண்டு விவசாயம் செய்கிற குடும்பம். வீட்டில் அவள் ஒருத்திதான் கிறிஸ்தவள். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு வேதாகமத்தைக் கதையாகச் சொல்லும் முறையை அவள் மாணவர்களுக்குப் பயிற்றுவித்தாள். இதெல்லாம் ஒரு பாடமா என்பது முத்துராஜின் எண்ணம். ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே வேலை செய்யும் அந்தப் பள்ளி, அந்தப் பாடத்தைத்தான் கேட்டு எழுதியிருந்தது.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. தூரப் பயணம் போகிறவருக்கு ஆசிரியர்களில் ஒருவர் ஜெபத்துணையாக இருப்பார். புறப்படும் நாள் வரைக்கும் தினமும் காலை ஆராதனையில் எல்லாரும் கேட்க அவருக்காக ஜெபிக்க வேண்டும்.

"நீங்கதானே சார் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரு. நீங்களே இருங்க," என்றார் முதல்வர்.

சரி என்று முத்துராஜ் தலையை ஆட்டினார்.

முதல் நாள் ஜெபம் நன்றாகத்தான் தொடங்கியது. நடுவில், "கர்த்தாவே, இந்தச் சகோதரிக்கு வயதும் குறைவு, அனுபவமும் குறைவு என்பதை நீர் அறிவீர்," என்று ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. அவர் யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ இதமாக இருந்தது. நாற்பது பேரும் ஆமென் என்றார்கள். மறுநாள், "கிரேக்க எழுத்தைத் தடுமாறாமல் வாசிக்க வராத அடியாளின் நாவைப் பலப்படுத்தும்," என்றார். அதற்கும் ஆமென் வந்தது.

கண்ணை மூடிக்கொண்டால் மனிதர்களுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கடவுளிடம் சொல்லுகிற பாவனையில் பக்கத்தில் இருப்பவர் காதில் போட்டுவிடலாம். யாரும் மறுத்துப் பேச முடியாது. எந்தச் சபையிலும் நடக்கிற காரியம்தான் இது.

அவர் மனைவி பாண்டிச்செல்வியும் தினம் ஆராதனைக்கு வருவாள். ஒரு நாள் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு ஜெபம் நல்லா காரமா இருந்துச்சுங்க."

"என்ன காரம்?"

"மொளகாப்பொடி தூவுன மாதிரி. அந்தப் பிள்ளைக்குக் கிரேக்கம் வராதுன்னு கடவுளுக்கு எப்படித் தெரியும், நீங்க எடுத்துச் சொல்லலைன்னா?"

"உனக்கு வேற சோலி இல்ல."

"எனக்குச் சோலி நெறைய கெடக்கு. உங்களுக்குத்தான் இப்ப இதே சோலியாப் போச்சு."

முத்துராஜ் இன்னொரு இட்லியைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அன்று மாலை மணிமேகலை அவரைத் தேடி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று அவர் தயாரானார். அவளோ சிரித்த முகமாக நின்றாள்.

"சார், ஜெபத்துல கிரேக்கம் பத்திச் சொன்னீங்கல்ல. எனக்கே அது உறுத்திக்கிட்டுதான் இருந்துச்சு. இப்ப வெள்ளனே எந்திரிச்சு ஒரு மணி நேரம் படிக்கிறேன். என்ன கொறைன்னு பாத்துப் பாத்து நீங்க ஜெபிக்கிறது எனக்கு ரொம்ப ஒதவியா இருக்கு சார்."

"படிம்மா, படி," என்றார். அவளுக்கு வலித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாவது வாரம் இலங்கைப் பள்ளியிலிருந்து போதகர் யோகராஜா வந்தார். மூன்று நாள் தங்கி, வகுப்புகளைப் பார்த்து, பாட அட்டவணையைப் பேசி முடித்துப் போவதாக ஏற்பாடு. ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். முத்துராஜிடம் "நீங்க என்ன படிப்பிக்கிறீங்க?" என்று கேட்டார். அவர் சொன்னதும் "நல்லது, நல்லது" என்றார். அவ்வளவுதான். மணிமேகலையின் வகுப்பில் போய் மாணவர்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு கதை முடிந்ததும் இன்னொன்று சொல்லச் சொன்னார். அவர் சிரிக்கும் சத்தம் பக்கத்து அறையில் கிரேக்க வினைச்சொற்களை எழுதிப்போட்டுக்கொண்டிருந்த முத்துராஜுக்குக் கேட்டது. சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது.

மறுநாள் ஆராதனையில் யோகராஜா முன்வரிசையில் இருந்தார். முத்துராஜ் எழுந்து கண்ணை மூடினார்.

"கர்த்தாவே, பெற்ற தகப்பனாரின் சம்மதம் இன்னும் கிடைக்காத நிலையில், கடல் கடந்து போகப்போகிற இந்த அடியாளை நினைத்தருளும். அந்தக் குடும்பத்தில் கலக்கம் உண்டாகாதபடி காத்துக்கொள்ளும்."

போன வருடம் மணிமேகலை பாஸ்போர்ட் எடுத்தபோது, "கடல் தாண்டியெல்லாம் எதுக்கு" என்று அவள் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஆசிரியர் அறையில் அவளே அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் இப்படி வளர்ந்து நின்றது. அவள் தலை நிமிர்ந்து ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு, அப்பாவுக்காகவும் சார் ஜெபிக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, குனிந்து ஆமென் என்றாள்.

ஆராதனை முடிந்ததும் யோகராஜா முத்துராஜைப் பேரிக்காய் மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"உங்களோட கொஞ்சம் கதைக்கணும். எங்ககிட்ட நாலு வருஷத்துக்கு முன்ன ஒரு பிள்ளை வீட்ல சொல்லாம வந்து சேந்துடுச்சு. அண்ணன்மார் வந்து பெரிய சண்டை. ரெண்டு மாசம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக் கெடந்தோம். அதுக்குப் பொறகு, வீட்டு மனசு தெரியாம யாரையும் எடுக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்."

"சரிங்க."

"அந்தப் பிள்ளைக்கிட்ட கேட்டா சம்மதம்னுதான் சொல்லும். ஆசை இருக்குமில்லையா. ஜெபத்துல யாரும் பொய் சொல்றதில்ல. அதான் உங்ககிட்ட கேக்கிறேன். அப்பா சம்மதம் இல்லைங்கிறது மெய்தானே?"

முத்துராஜ் மரத்தைப் பார்த்தார். "ஜெபத்துல சொன்னதுதாங்க," என்றார்.

யோகராஜா பெருமூச்சு விட்டார். "நல்ல பிள்ளை. என்ன செய்றது. இந்த வருஷம் நீங்க வரலாமே? பாஸ்போர்ட் இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப நாளைக்குப் பொறப்படுறதுக்கு முன்ன உங்க முதல்வர்கிட்ட சொல்லிடறேன்."

பதினான்கு ஆண்டு காத்திருந்தது ஐந்து நிமிடத்தில் கைக்கு வந்துவிட்டது. முத்துராஜ் வகுப்புக்குப் போனார். தேயிலைச் சரிவுகளும், முன்வரிசையில் உட்கார்ந்து தன் பாடத்தைக் கேட்கும் யோகராஜாவின் முகமும் கண்முன் வந்தன. மணிமேகலை எதிரே வந்தபோது அவரால் தடுமாறாமல் வணக்கம் சொல்லவும் முடிந்தது.

மதியத்துக்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். தலையில் துண்டு, தோளில் ஒரு சாக்குப் பை. மணிமேகலையின் அப்பா சின்னக்கருப்பன்.

"சாருங்களா? கிளாவரையில இருந்து வர்றேன். காலைல மொத பஸ்ஸுக்கே கிளம்பிட்டேன். எம்மவ போன்ல சொன்னா, அவளுக்காகத் தெனமும் காலைல ஒரு சாரு சாமி கும்பிடுறாருன்னு. நேர்ல ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." பையை இறக்கி வைத்தார். நல்ல திரட்சியான மலைப்பூண்டு.

"எதுக்குங்க இதெல்லாம்," என்றார் முத்துராஜ். பிறகு தன்னை அறியாமல் கேட்டார்: "அவ போறதுல உங்களுக்குச் சம்மதந்தானா?"

இல்லை என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று முத்துராஜின் மனம் அந்த நேரத்தில் ஏங்கியது. அதை அவர் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

"போன வருசம் வேணாம்னுதான் சொன்னேன். பயந்தானுங்க. ஒத்தப் பொம்பளப் பிள்ள. இப்ப நீங்க இருக்கீங்கல்ல. இம்புட்டுப் படிச்சவரு தெனமும் பேரைச் சொல்லிக் கும்பிடுறப்ப, பிள்ளைக்கு என்ன வந்துரும்? போய்ட்டு வரட்டும்னு நான்தான் அவகிட்ட சொன்னேன்."

பாண்டிச்செல்வி கொண்டுவந்த காபியை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"வர்ற வழியில பூம்பாறைக் கோயில்ல எறங்கி வேலப்பர் சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் வந்தேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"போற எடத்துல சொகமா இருக்கணும், நல்லபடியாத் திரும்பி வரணும். வேற என்ன கேக்கத் தெரியும் நமக்கு?"

முத்துராஜ் மூன்று வாரம் ஜெபித்திருந்தார். அதில் ஒரு நாளாவது இந்த இரண்டையும் கேட்டோமா என்று தேடிப் பார்த்தார். கேட்கவில்லை.

சின்னக்கருப்பன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அதிக நேரம் இருக்கவில்லை. அவர் போன பிறகு முத்துராஜ் முற்றத்தில் அப்படியே நின்றார். பின்பு உள்ளே போய் மனைவியிடம் காலையில் நடந்ததைச் சொன்னார். பாண்டிச்செல்வி கேலி செய்யவில்லை. சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவே போய்ட்டு வாங்க. வெரசா. நாளைக்குன்னா உங்களுக்கு மனசு மாறிரும்."

யோகராஜா விருந்தினர் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். முத்துராஜ் உட்காரவில்லை.

"அவங்க அப்பாவுக்குச் சம்மதங்க. இப்பதான் என் வீட்டுக்கு வந்துட்டுப் போறாரு. காலைல நான் சொன்னது பொய். அதுக்கு முன்னாடி மூணு வாரமாச் சொன்னதும் ஜெபம் இல்ல. அவ மேல எனக்குப் பொறாமை. கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னதால ஜெபம் மாதிரி இருந்துச்சு."

யோகராஜா மடித்த சட்டையைப் பெட்டிக்குள் வைத்தார்.

"சொல்லாம இருந்திருந்தா அடுத்த மாசம் நீங்க அங்க."

"தெரியுங்க."

"சரி. அந்தப் பிள்ளையே வரட்டும். அவகிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன். அது உங்க வேலை."

அது முந்தையதைவிடக் கடினமாக இருந்தது. மறுநாள் காலை வகுப்பறை வாசலில் வைத்து மணிமேகலையிடம் எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லப் போய்விட்டது.

"நீங்க சொன்ன ஒவ்வொண்ணுக்கும் நானும் ஆமென் சொன்னேன் சார்," என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெபத்துணைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி முத்துராஜ் முதல்வரிடம் கேட்டார். காரணத்தையும் சொன்னார். ஆசிரியை இல்லாவிட்டாலும் முதல்வர் அந்தப் பொறுப்பைப் பாண்டிச்செல்விக்குக் கொடுத்தார். மணிமேகலை ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எதிரே வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவர் அதைத் தகும் என்று ஏற்றுக்கொண்டார்.

அவள் இல்லாத மூன்று மாதமும் அந்தக் கதை வகுப்பை யார் நடத்துவது என்ற கேள்வி வந்தது. எல்லாரும் தங்கள் வேலைகளைச் சொன்னார்கள். முத்துராஜ் கையைத் தூக்கினார். யாராலும் நம்ப முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் ஒரு நோட்டும் பேனாவுமாக அவள் வகுப்புக்குப் போனார். மாணவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மணிமேகலை அவரைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தில் கிடந்த பாயை அவர் உட்காரும்படி விரித்துப் போட்டாள்.

"நோட்டு வேணாம் சார். இங்க எழுதக் கூடாது. காதால கேக்கணும், கேட்டுட்டு அப்படியே திருப்பிச் சொல்லணும்."

வேதாகமத்தில் வரும் ரூத்தின் கதையை, மழை பொய்த்த பஞ்சத்திலிருந்து தொடங்கி அவள் சொன்னாள். பெத்லகேம் வயலில் ரூத் குனிந்து கதிர் பொறுக்குவதைச் சொல்லும்போது, அறுவடை முடிந்த காட்டில் விட்டுப்போன பூண்டைப் பொறுக்குகிற கிளாவரைப் பெண்கள் அங்கே வந்துவிட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. தன்னால் ஒருநாளும் இப்படிச் சொல்ல முடியாது என்று முத்துராஜுக்குத் தெரிந்தது. பழைய எரிச்சல் எழுந்தது. அது அவரை விட்டு எங்கும் போயிருக்கவில்லை. ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை.

கதை முடிந்ததும் அவர் முறை வந்தது. பிரசங்கம் போல ஆரம்பித்தார். மூன்று குறிப்புகள் என்று சொன்னார். பெயர்கள் மாறிப்போயின. மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மணிமேகலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "குறிப்பெல்லாம் வேணாம் சார். மழை இல்லாததுல இருந்து ஆரம்பிங்க," என்றாள்.

முத்துராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு ஊர்ல மழையே இல்ல," என்றார்.

"ம்," என்றாள் அவள்.