கைஷுன் வீட்டுச் சமையலறைக் கடல்

ஷிபான்வான் ஊரில் லுவோ கைஷுனின் வீட்டுக்குள் முதன்முதலாகக் கடல் வந்தது, ஆரஞ்சு மரங்கள் பூவுதிர்த்து முடித்த ஒரு வியாழக்கிழமை பிற்பகலில். சமையலறைத் தரையில் பாவியிருந்த கற்களுக்கு நடுவிலிருந்து ஊறி, முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்று, அடுப்பில் வைத்த சோறு வெந்து அடங்குவதற்குள் வடிந்துபோனது. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனையோ மலைகள் இருக்கின்றன. யாங்சி ஆறுகூட வெகு ஆழத்தில்தான் ஓடுகிறது. குழாய் உடைந்திருக்கும் என்று கைஷுன் சில நாள் மண்வெட்டியும் கையுமாகத் தேடினான். அவன் மனைவி தாவ்யிங் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "கடல்தான்யா, போய் வேற வேலயப் பாரு" என்றாள். அவள் கல்யாணத்துக்கு முன் துறைமுக நகரம் ஒன்றில் இறால் உரிக்கும் வேலைக்குப் போயிருந்தவள். அதனால் அவன் அதை நம்பினான்.

அதன்பின் தினமும் மதியச் சாப்பாட்டு வேளையை ஒட்டி அது வந்தது. வாசற்படியைத் தாண்டவில்லை. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. அதில் உயிர்கள் இருந்தன. உள்ளங்கை அகலத்தில் கவசப்பூச்சிகள் அடுப்படியில் ஊர்ந்தன. தண்டின்மேல் பூ வைத்தாற்போன்ற ஒன்று தண்ணீர்த் தொட்டியின் அடியில் நின்று அசைந்து, நீர் வடியும்போது அதனோடு மறைந்து, மறுநாள் அதே இடத்தில் நின்றது. எங்கள் மலைக்கல்லில் நீளக் கூம்பான ஓடுகள் நிறையப் பதிந்திருக்கும். கோபுரக்கல் என்போம், அறுத்து மெருகேற்றி வீட்டு முகப்பில் வைப்போம். அந்த ஓட்டுக்குள் கணவாயைப் போன்ற கைகளும், தட்டையான பெரிய கண்ணும் உள்ள ஒரு பிராணி குடியிருக்கும் என்பது கைஷுன் வீட்டில்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஊரே வந்து பார்த்தது. "அண்ணே, கடல் இருந்து என்ன புண்ணியம், வறுத்துத் திங்க ஒரு மீன் இல்லியே!" என்றான் ஜின்பாவ். மீன் உண்மையிலேயே ஒன்றுகூட இல்லை. "தாவ்யிங்குக்குத் தரை கழுவற வேல மிச்சம்" என்று பெண்கள் சிரித்தார்கள். அந்த வருடம் ஆரஞ்சு விலை மிகவும் இறங்கிவிட்டதால் பேசுவதற்கு வேறு விஷயம் கிடைத்தது. வேடிக்கை பார்க்க வருவது நின்றது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசி முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. கோபுரக் கணவாய்களில் ஒன்று, ஆள் கை நீளம் இருக்கும், தினமும் வந்து தன் ஓட்டை மேசைக்காலில் சாய்த்துக்கொண்டு ஓய்வெடுக்கும். தாவ்யிங் அதைப் பெரியவன் என்று கூப்பிட்டாள். அவள் கால் பெருவிரலை அது ஒரு கையால் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடும். அதற்காகவே அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பாள். ஒருமுறை தன் அக்காவிடம் காட்டலாம் என்று ஒரு கவசப்பூச்சியைக் கிண்ணத்துத் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு வெளியே போனாள். படியைத் தாண்டும்போதே கிண்ணம் கனத்தது. பார்த்தால் உள்ளே ஒரு சாம்பல்நிறக் கல், அதில் அந்தப் பூச்சியின் தடம். அவள் அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எதையும் வெளியே எடுத்ததும் இல்லை.

அந்த வருட இலையுதிர் காலத்தில் யிச்சாங் நகரத்தில் பழங்கால உயிர்களையும் பாறை அடுக்குகளையும் ஆராய்கிறவர்களின் உலக மாநாடு கூடியது. பெரும்பழங்காலத்தில் உயிர்கள் எப்படிப் பெருகின, எப்படி அழிந்தன என்பதே அவர்கள் பேச்சு. பேச்சு முடிந்தபின் பாறைகளைப் பார்க்கப் பேருந்தில் கிளம்பினார்கள். எங்கள் ஊருக்கு மேலே சாலையோரம் ஒரு செங்குத்துப் பாறை உண்டு. அதில் அடுக்குகள் புத்தகப் பக்கம்போல் தெளிவாகத் தெரியும். பல தேசத்து ஆட்கள் சுத்தியலும் தொப்பியுமாக இறங்கி, பாறையில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார்கள். நான்ஜிங்கிலிருந்து வந்த பேராசிரியர் ஷென் யிபாய் அவர்களை அழைத்து வந்திருந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் உருப்பெருக்கிக் கண்ணாடி. கழிவறை எங்கே என்று கேட்கத்தான் அவர் கைஷுன் வீட்டுக் கதவைத் தட்டினார். தண்ணீர் உச்சத்தில் இருந்த நேரம் அது.

அவர் கழிவறைக்குப் போகவில்லை. திரும்பி ஓடிப்போய் எல்லாரையும் கூட்டி வந்தார். கொஞ்ச நேரம் ஆளுக்கொரு பாஷையில் கத்தினார்கள். எஸ்தோனியாவிலிருந்து வந்த வீவி என்ற நரைத்த பெண்மணி காலணியோடு தண்ணீரில் இறங்கி, முழங்காலிட்டு, பெரியவனின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இந்த ஓடுகளைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதியவளாம். அதற்கு நிறம் உண்டு என்றோ, செம்பழுப்பில் வளைந்து வளைந்து கோடு ஓடும் என்றோ தெரியாதாம். "அழாதீங்கம்மா, தண்ணி கலங்குது" என்றாள் தாவ்யிங். ஷென் அதை மொழிபெயர்க்கவில்லை. படம் எடுத்தவர்களின் கேமராவில் வெறும் சமையலறையும் காய்ந்த தரையும்தான் விழுந்தன. படிக்கு வெளியே எடுத்துப்போனவை கல்லாயின. அதைவிட நல்ல கற்கள் அவர்கள் ஊர்க் காட்சியகங்களிலேயே இருந்தன. எனவே எழுதுவதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை.

ஷென் மட்டும் நெடுநேரம் குனிந்து நின்று, எந்தப் பூச்சி இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியதைத் தாவ்யிங் கவனித்தாள்.

"என்ன வாத்தியாரே, எதையோ பாத்துட்டு மறைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. இது எந்தக் காலத்துக் கடல்னு பாத்தேன்."

"எந்தக் காலம்?"

"முடியப்போற காலம்." மறைக்கத் தெரியாத மனிதர் அவர். "இதுக்கு மேல் அடுக்குல இதெல்லாம் கிடையாது. தெக்குப் பக்கம் பெரிய நிலம் ஒண்ணு இருந்துச்சு. அது மேல மலை கனத்துக்குப் பனி ஏறிடும். கடல் சில்லிட்டுப் போயிடும். அப்புறம் அடியில காத்தே இல்லாத கருப்புச் சேறு. கிட்டத்தட்ட எல்லாமே போயிடும்."

"எப்ப?"

"பாறையில பாத்தா ரெண்டு விரல் கனம். அது உங்க வீட்ல எத்தன நாள்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"மறுபடி வருமா?"

"வரும். வேற மாதிரி, வேற உயிருங்க. பல லட்சம் வருஷம் ஆகும்."

தாவ்யிங் சிரித்துவிட்டாள். "அதுவரைக்கும் இந்த வீட்டுக் கூரை தாங்காது வாத்தியாரே."

வெளியே பேருந்து ஹாரன் அடித்தது. மாலைக்குள் அடுத்த பாறைக்குப் போக வேண்டியிருந்தது.

கடல் சில்லிட ஆரம்பித்தது அடுத்த வருடம். முதலில் காலில் தெரிந்தது, பிறகு கண்ணுக்குத் தெரிந்தது: கவசப்பூச்சிகள் சுருண்டு உருண்டையாகி, பிரியாமலே கிடந்தன. தாவ்யிங் கெட்டிலில் வெந்நீர் வைத்து மெதுவாகச் சமையலறை மூலையில் ஊற்றினாள். பெரியவன் அந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. அன்றுமுதல் அதுவே அவள் வேலையாயிற்று. காலையிலிருந்து விறகடுப்பில் அண்டா அண்டாவாகக் காய்ச்சுவாள். தண்ணீர் ஏறியதும் ஊற்றுவாள். கைஷுன் காட்டில் சுள்ளி பொறுக்கி வந்தான். அது போதாமல் கொட்டகையைப் பிரித்தான். அதுவும் போதாமல், ஒரு குளிர்காலக் காலையில் கோடரியை எடுத்துக்கொண்டு தன் ஆரஞ்சுத் தோப்புக்குப் போனான். அவன் அப்பா வைத்த மரங்கள். ஜின்பாவ் ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"அண்ணே, உனக்குப் பைத்தியமா? செத்துப்போன கடல எவனாவது குளிர் காய வைப்பானா?"

"இன்னும் சாகல."

"வாத்தியாரே சொல்லிட்டாருல்ல?"

"அவரு அவகிட்டயே சொன்னாரு, அவ கேக்கல. இனி அடுப்ப அணைன்னு நான் போய் அந்தப் பொம்பளகிட்ட சொல்லணும். நீ சொல்றியா?"

ஜின்பாவ் கையை விட்டான். தாவ்யிங்கிடம் சொல்ல அவனுக்கும் தைரியம் வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் கைஷுன் வீட்டுப் புகையில் ஆரஞ்சு வாசம் அடித்தது. கீழ்வரிசை மரங்கள் தீர்ந்தபின் மேல்வரிசையை வெட்டினான். அவன் கட்டையைக் கொண்டுவந்து போடுவான், அவள் எண்ணாமல் அடுப்பில் வைப்பாள்.

ஷென் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் வந்தார். முதல் தடவை வந்து அண்டாக்களைப் பார்த்துவிட்டு, உலகத்தின் பாதியை மூடுகிற பனிக்கு எதிரே ஒரு கெட்டில் என்ன செய்யும் என்று விளக்க வாயெடுத்தார். "அப்ப இன்னொரு கெட்டில் வாங்கிட்டு வாங்க" என்றாள் தாவ்யிங். அவர் சந்தைக்குப் போய் வாங்கி வந்தார்.

சில வருடம் கழித்து மாநாடு மறுபடி யிச்சாங்கில் கூடியது. பேருந்து பாறைக்கு வந்தது. வந்தவர்கள் பாறையைப் பார்க்காமல் நேரே கைஷுன் வீட்டுக்கு இறங்கினார்கள். கவசப்பூச்சிகள், தண்டின்மேல் பூப்போல் நின்றவை எல்லாம் போயிருந்தன. பெரியவன் மட்டும் அடுப்போரம், ஓடு தரையில் உரச, கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. வீவி ஒரு வாளியை எடுத்தாள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து சமையலறை மூலைவரை வரிசையாக நின்று வெந்நீரைக் கை மாற்றினார்கள். இந்தக் கடல் இன்ன தேதியில் இன்ன காரணத்தால் மடிந்தது என்று ஒருவருக்கொருவர் சண்டை போட்டுக் கட்டுரை எழுதியவர்கள் அவர்கள். அந்த முடிவை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் கிடையாது. கை வெந்துபோகும்வரை ஊற்றினார்கள். தண்ணீர் ஒரு கணம் வெதுவெதுப்பாகி, மறுகணம் முன்னைவிடச் சில்லிட்டது. பெரியவன் ஒரு கையை நீட்டித் தாவ்யிங்கின் பெருவிரலைத் தொட்டது. அதை அது திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நீர் வடிந்தபோது அந்தப் பிடி தானாகவே இல்லாமல் போயிற்று. மறுநாள் அது வரவில்லை, அதற்கு மறுநாளும்.

குளிருக்குப் பழகிய சின்னச் சின்னச் சிப்பிகள் அதற்குப் பின் கொஞ்சம் வந்தன. நகக்கண் அளவுதான் இருக்கும். தாவ்யிங் சந்தோஷப்பட்டாள். "பாருங்க வாத்தியாரே, எல்லாமே போயிடும்னீங்களே" என்றாள். அந்தச் சிப்பிகளின் அடுக்கு பாறையில் எவ்வளவு மெல்லியது என்பது ஷென்னுக்குத் தெரியும். முதன்முறையாக அவர் பொய் சொன்னார்: "ஆமாக்கா, நான்தான் தப்பா சொல்லிட்டேன்." அடுத்த வசந்தத்தில் அவையும் தீர்ந்தன. கடைசிச் சிப்பி கிடந்த இடத்தில் கருப்புச் சேறு படிந்தது. அன்று தாவ்யிங் அடுப்பை அணைத்தாள். வெளியே போய், அடிக்கட்டைகள் மட்டும் நின்ற தோப்பை முதல்முறையாகப் பார்ப்பவள்போல் பார்த்தாள்.

"இவ்வளவையுமா வெட்டின?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான் இருந்துச்சு" என்றான் கைஷுன்.

அவள் ஒரு அடிக்கட்டையில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்தான். இருட்டும்வரை அங்கேயே இருந்தார்கள்.

கடல் வருவது நிற்கவில்லை. உயிரில்லாத கருப்புத் தண்ணீர் தினமும் அதே வேளைக்கு ஏறி அதே வேளைக்கு வடிகிறது. எண்ணெய் தடவியதுபோன்ற மெல்லிய சேறு தரையில் தங்கும், தாவ்யிங் அதைத் தள்ளிவிடுவாள். புது அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று ஊர்க் கமிட்டி சொல்லிப் பார்த்தது. "எதுக்கு, இங்க என்ன குறச்சல்?" என்று இருவருமே சொன்னார்கள். கைஷுன் இப்போது அடுத்தவர் தோப்பில் கூலிக்குப் பழம் பறிக்கிறான். வீவி இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஷென் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, நான்ஜிங் வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு வந்து அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கிவிட்டார். பாறைப் பக்கம் அவர் போவதில்லை.

நேற்று மதியம் நான் போயிருந்தபோது மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புகையில் உலர்த்திய பன்றிக்கறி, முட்டைக்கோஸ், சோளச் சோறு. கற்களுக்கு நடுவில் கருப்பாக ஊறத் தொடங்கியது. "வாத்தியாரே, காலத் தூக்குங்க" என்றாள் தாவ்யிங். மூவரும் காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் மடக்கிக்கொண்டார்கள். எனக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். முட்டைக்கோஸ் இந்த வருடம் கொஞ்சம் நார் என்று கைஷுன் சொன்னான். மழை பிந்திவிட்டதால் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்றேன்.