போரைக் கண்டித்து ஒரு கல்யாண வண்டி

மக்கள் சேவை என்பது மூச்சு; அதை நிறுத்துகிற நாளில் தலைவன் பிணம். திருவனந்தபுரம் சட்டசபையில் சங்குண்ணி எம்.எல்.ஏ. இப்படி முழங்கியபோது, பின்வரிசையில் அவருடைய கட்சிக்காரர்கள் இருவர் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். குறட்டை இன்னும் வரவில்லை.

அடுத்து வெளிநாட்டு முதலீடு. "எங்கள் வெள்ளாற்றுமுக்குத் தொகுதி உலகத்தையே வரவேற்கிறது!" என்றார். யாரும் மேஜையைத் தட்டவில்லை. அது அவருக்குச் சுருக்கென்றது. மிச்சமிருந்த நேரத்தில் கடல் கடந்து நடக்கிற போருக்குத் தாவினார். குண்டு விழுகிற ஊர்களின் பெயரைச் சொல்லச் சொல்ல மேஜைகள் அதிர்ந்தன. அந்த மயக்கத்தில் வாய் தானாக நீண்டது.

"இந்தப் போரைக் கண்டித்து வியாழக்கிழமை எங்கள் மாவட்டத்தில் ஒரு சைக்கிள்கூட ஓடாது. ஹர்த்தால்!"

வெளியே வந்ததும் உதவியாளர் பிரசன்னன் காதைக் கடித்தார்.

"சாரே, வியாழக்கிழமைதான் டச்சுக்காரர் வர்றாரு."

சங்குண்ணிக்கு வியர்த்தது. இறால் ஆலைக்கு இடம் பார்த்து, அன்றைக்கே கையெழுத்துப் போடப்போகிறவர். ஆலை வராவிட்டால் அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை என்று கட்சி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தது.

"மறுநாள் வரச் சொல்லுய்யா."

"மறுநாள் அவருக்குக் கோயம்புத்தூர்ல இடம் காட்டுறாங்க சாரே."

"அப்ப ஹர்த்தாலைத் தள்ளி வச்சிருவோம்."

"எதிர்க்கட்சியும் ஆதரவுன்னு அறிவிச்சிட்டாங்க. இப்பப் பின்வாங்கினா, குண்டு போட்டதே நாமதான்னு சொல்லிருவாங்க."

பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம்: இவற்றை மறிக்க எந்த ஹர்த்தாலுக்கும் மனசு வராது. ஆகவே வியாழன் காலை விமான நிலையத்திலிருந்து கிளம்பிய காரின் மூக்கில் மல்லிகைச் சரம். கண்ணாடியில் 'கல்யாணம்' என்று எழுதி ஒட்டிய தாள். பின்சீட்டில், சரிகைக் கரை போட்ட கசவு வேட்டி கட்டிவிடப்பட்டு, கூரையில் தலை முட்ட டச்சுக்காரர். முதலீட்டாளர்களை இங்கே இப்படித்தான் வரவேற்பது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். மனிதர் சந்தோஷமாகவே இருந்தார்.

கள்ளுக்கடை முக்கில் தொண்டர்கள் மறித்தார்கள். கையில் சங்குண்ணியின் கட்சிக் கொடிதான். தாடி வைத்த ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மாப்பிள்ளை இவரா?"

"ஆமா," என்றார் பிரசன்னன்.

"கொள்ளாமே, ஜோரா இருக்காரே! பொண்ணு எங்க?"

"பகவதி கோயில்ல காத்துக்கிட்டிருக்கு. முகூர்த்தம் தப்பிரும், விடு மோனே."

"சேட்டா, அந்தக் கோயில்ல வெள்ளைக்காரனை வாசப்படிகூட மிதிக்க விடமாட்டாங்களே. யாருகிட்ட கதை விடுறீங்க? வண்டியத் திருப்புங்க."

அதுவரை முன்சீட்டில் முகத்தைத் துண்டால் துடைக்கிற சாக்கில் மறைத்திருந்த சங்குண்ணிக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"டேய், நான் யாருன்னு தெரியுதா?"

"பொண்ணோட அப்பாவா?"

"உங்க எம்.எல்.ஏ.டா!"

தாடிக்காரன் எதிர்ச்சுவரில் ஹர்த்தால் போஸ்டரில் இருந்த எம்.எல்.ஏ. படத்தைப் பார்த்தான். கறுகறுவென்று சுருட்டை முடி, முறுக்கு மீசை. திரும்பி, காருக்குள் இருந்த வழுக்கையைப் பார்த்தான்.

"எம்.எல்.ஏ. கூப்பிட்ட ஹர்த்தால்ல எம்.எல்.ஏ.வே கார்ல சுத்துவாராக்கும்! நல்ல ஆளுய்யா நீர். போம் பெரியவரே, வெயிலுக்கு முன்ன வீடு போய்ச் சேரும்."

கார் திரும்பியது. மறுநாள் டச்சுக்காரர் கோயம்புத்தூரில் கையெழுத்துப் போட்டார்.

போஸ்டரில் இருந்த படம், சங்குண்ணி தன் கல்யாண ஆல்பத்திலிருந்து தானே வெட்டிக் கொடுத்தது.