பால்மா டின்

வாய்க்கரிசி போட்டுவிட்டுக் கை கழுவ வந்த கனகேஸ்வரியின் கண், யன்னல் விளிம்பில் இருந்த பால்மா டின்னில் போய் விழுந்தது.

டின்னைச் செய்தவர் அவளுடைய கணவர் கதிர்காமநாதன்தான். உள்ளே பழைய நட்டுகளைப் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார். நாய் குரைத்தால் ஓர் ஆட்டு. அந்தச் சத்தத்துக்கு அது வாலைச் சுருட்டிக்கொள்ளும். கொழும்பு வெள்ளவத்தையில் தமிழரைத் தேடி ஆமியின் சுற்றிவளைப்பு மும்முரமாக இருந்த காலம். அவளுடைய தங்கை மகன் தயாபரன் பொலிஸ் பதிவு இல்லாமல் பின்னறையில் இருந்தான். நாய் குரைத்து யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது. புலி என்று அர்த்தம் வருமே என்று, டைகர் என்றிருந்த நாயின் பெயரையே ஜிம்மி என்று மாற்றிவிட்ட மனிதர் அவர். பயந்தாங்கொள்ளி என்று அவள் கேலி செய்வாள். ஆனால் டின்னை அதிகம் ஆட்டியதும் அவள்தான்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். தயாபரன் வெளியே போயிருந்தான். குளியலறைப் பக்கம் ஜிம்மி விடாமல் குரைத்தது. எழும்பப் பஞ்சி. படுத்தபடியே கையை நீட்டி டின்னை ஆட்டினாள். அது அடங்கியது. அவள் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தேத்தண்ணி வைக்க எழும்பியபோதுதான் குளியலறையில் விழுந்து கிடந்தவரைக் கண்டாள். உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"நாய் குரைக்கேல்லையே அக்கா?" முன்வீட்டு இராஜநாயகம் மெதுவாகக் கேட்டார். "ஆள் விழுந்தா அதுகள் சும்மா இராதே."

"அது குரைக்காது தம்பி. இவர் அப்பிடிப் பழக்கிப்போட்டார்."

செத்தவர் தலையில் பழியைப் போட்டாயிற்று. வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

"ஓம், ஓம். அண்ணை எதைச் செய்தாலும் திருத்தமாத்தான் செய்வார்" என்றார் அவர்.

பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் ஓவென்று கத்தினார்கள். குளியலறைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த ஜிம்மி, சங்கிலி தெறிக்கக் குரைக்கத் தொடங்கியது.

"நில்லுங்கோ பெரியம்மா, நான் பாக்கிறன்" என்று தயாபரன் ஓடிவந்து டின்னை எடுத்து ஆட்டினான்.

ஜிம்மி சட்டென்று அடங்கியது. பின்னால் நகர்ந்து, குளியலறைக் கதவடியில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது.

"எவ்வளவு சொல்வழி கேக்குது பாருங்கோ" என்றாள் யாரோ ஒருத்தி.

பெட்டி கேற்றைத் தாண்டியது. அழுவதற்காகக் கனகேஸ்வரி வாயைத் திறந்தாள். நாய் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.