மாதவியின் வெள்ளை மேலங்கி

1

மதிப்பிற்குரிய வாசகரே, இது என் முதல் கதை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிர்க் கட்டடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்கனியில் தொங்கிய வெள்ளை மேலங்கி ஒன்றைக் கண்டேன். அதன் பையில் சிறு மஞ்சள் கறை இருந்தது. கதைக்கு ஆதாரம் அவ்வளவே. மற்றவை என் கற்பனை. அவ்வீட்டார் பொறுத்தருள வேண்டும்.

2

முதல் தொடக்கம்: கறை என்பது துணியில் படிந்த காலத்தின்... (அடித்துவிட்டேன். எனக்கே பொருள் விளங்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: உஷாராணியின் மகள் மாதவி, நாளைக் காலை மருத்துவமனையில் டாக்டராகப் பணியேற்கிறாள். மஞ்சள் வைக்காத புதுத்துணியை உஷாராணி வீட்டில் யாரும் உடுத்துவதில்லை. ஆகவே மேலங்கியின் உள்விளிம்பில், எவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, ஒரு பொட்டு வைத்தார். ஈரம் காயுமுன் மடித்தும் வைத்தார். மடிப்பில் மஞ்சள் மார்புப் பைக்கு ஏறிவிட்டது.

இதுவே இருக்கட்டும்.

3

"நாசி கண்டார் சாப்ட்டுட்டு சட்டையில கையத் தொடச்ச டாக்டர்னு சொல்லுவாங்கம்மா!"

"உள்ளதான்டி வெச்சேன்."

மாதவி கட்டிச் சவர்க்காரத்தை எடுத்துத் தேய்த்தாள். மஞ்சள் சிவந்தது.

"ஐயோ, ரத்தம் மாதிரி ஆயிருச்சு!"

"டாக்டர் சட்டைதானே, ரத்தம் இருந்தா என்னலா?"

மாதவி சிரிக்கவில்லை. "இனிமே என் துணியத் தொடாதம்மா. எதையுமே தொடாத."

(வாசகர் அஞ்ச வேண்டாம். சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். நன்கு அலசினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். பின்னர் வெயிலில் போட, மெல்ல வெளுக்கும். என் சொந்தத் துணியில் நான்கு முறை சோதித்த பிறகே இதை எழுதுகிறேன்.)

4

உஷாராணியின் கண்களில் நீர்...

இல்லை. அவர் அழுபவர் அல்லர். "நல்லா அலசி வெயில்ல போடு, போயிரும்" என்று தள்ளி நின்றே சொன்னார். கைகளை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டார்.

மாதவி அலசி, பால்கனியில் உலர்த்திவிட்டு, கறுப்புக் காலணி வாங்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனாள்.

5

முடிவு ஒன்று: மாலைவரை வெயில் நீடிக்கிறது, கறை மறைகிறது. என் கணவர் ஜீவன் இதைப் படித்துவிட்டு, "கே.எல்.ல மூனு மணிக்கு மேல வெயிலா? நீ எந்த ஊர்ல இருக்க?" என்றார். அவர் கேட்டது நியாயமே.

முடிவு இரண்டு: மாதவி கறையோடு பணிக்குச் செல்கிறாள், முதல் நோயாளி அதைக் கண்டு புன்னகைத்து... (அடித்துவிட்டேன். அந்த நோயாளி என் வசதிக்காகவே நோயுற்றவர்.)

முடிவு மூன்று: மணி மூன்றரை. பங்சார் பக்கமிருந்து மழை இரைச்சல் நெருங்குகிறது. கறை பாதி வெளுத்திருக்கிறது; துணி ஏறக்குறைய காய்ந்துவிட்டது. இப்போது நனைந்தால் காலைக்குள் உலராது. அம்மா அழைத்தும் மாதவி கைப்பேசியை எடுக்கவில்லை. உஷாராணி பால்கனிக் கதவைத் திறந்து நிற்கிறார். கை நீட்டினால் எட்டும்.

அந்தக் கையை நீட்டச் செய்யவோ, தடுக்கவோ எனக்குத் துணிவில்லை. தங்களிடம் பணிவுடன் ஒப்படைக்கிறேன். அன்புகூர்ந்து தாமதிக்க வேண்டாம்; மேலங்கியின் தோளில் முதல் துளிகள் விழுந்துவிட்டன.