பதினேழாம் அட்டையில் ஒரு காலி வரி

கண்ணாடிக்காரருக்கு இரண்டு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. ஒன்று, எந்தப் பழங்கத்தியைக் கையில் கொடுத்தாலும் அது எங்கே பிறந்தது, எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார். இன்னொன்று, பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருடைய பாரசீக வாளைத் தொட்டுக் கெடுத்தது அவர் மனைவிதான். முதல் விஷயத்திலாவது நாலைந்து தடவை சறுக்கியிருக்கிறார். இரண்டாவதில் மனிதர் இம்மியும் அசைந்து கொடுத்ததில்லை.

கீழே மூக்குக் கண்ணாடிக் கடை. காலையில் லென்ஸ் தேய்ப்பார், பிரேமில் பொருத்துவார், யார் வீட்டுக் கண்ணாடிக்கோ காது கழன்றிருந்தால் திருகி விடுவார். மத்தியானம் சாப்பாடு ஆனதும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் பதினான்கு படி ஏறி மேலே போய்விடுவார். அங்கே ஓர் அறை. ஒரே ஜன்னல், அதில் வெள்ளைத் துணித் திரை. வெயில் அதன் வழியாக வடிகட்டின பால் மாதிரி உள்ளே வரும். நீள மேஜை, அகலமான இழுப்பறைகள், கிராம்பு மணக்கும் எண்ணெய், பஞ்சு, ஒரு பெட்டி நிறையப் பருத்திக் கையுறை. அந்த இழுப்பறைகளில் அறுபத்து மூன்று கத்திகளும் குத்துவாள்களும் வாள்களும் துணி போர்த்திக்கொண்டு தூங்கும்.

அவர் கத்தியை அடையாளம் காணும் அழகே தனி. எடுத்ததும் லென்ஸை வைக்க மாட்டார். முதலில் அதோடு கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கையுறை போட்ட உள்ளங்கையில் கிடத்திக்கொண்டு கண்ணை மூடுவார். கனம் பிடிப்பக்கமா, நுனிப்பக்கமா? அப்புறம்தான் கணக்கு வழக்கெல்லாம். மலாய்க் குத்துவாள் என்றால் அதன் நெளிவுகளை எண்ணுவார். ஒற்றைப்படையில் வந்தால் சரி, இரட்டைப்படையில் வந்தால், "யாரோ காதுல பூ சுத்தறான்" என்று ஒதுக்கி வைப்பார். ஜப்பான் வாள் என்றால் பிடியைக் கழற்றி, உள்ளே ஒளிந்திருக்கும் வாலின் துருவைப் பார்ப்பார். அந்தத் துருவை மட்டும் யாரும் துடைக்கக் கூடாது. அதன் நிறம்தான் அதன் வயசு. இப்படி அவர் பேச ஆரம்பித்தால், கேட்பவர்களுக்குக் கண் சொக்கிவிடும். சில சமயம் அவருக்கே சொக்கிவிடும், அது வேறு கதை.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். வெறுங்கை ஆகாது. விரலில் வேர்வை இருக்கிறது, வேர்வையில் உப்பு இருக்கிறது. பழைய எஃகில் வெறும் விரல் பட்டுவிட்டால் பத்தே நாளில் அந்த ரேகை அப்படியே துருவாக ஏறிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் சுவடில்லாமல் போகாது.

பாரசீக வாள் வந்த வருஷம் நல்ல மழை. நீளப் பெட்டியில் வந்திறங்கியது. வளைந்த வாள், வெளிச்சத்தில் சாய்த்தால் அலகு முழுக்கத் தண்ணீர் ஓடுகிற மாதிரி கோடுகள், நடுநடுவே குறுக்காக ஏணிப்படி போல வரிகள். அந்தப் படிகளை எண்ணி எண்ணி மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. மூன்றாம் நாள் ஓர் ஏலத்துக்காக வெளியூர் போனார். பத்து நாள் கழித்து வந்து இழுப்பறையைத் திறந்தால், ஏழாம் படிக்கும் எட்டாம் படிக்கும் நடுவே செம்பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை!

வீடு இரண்டுபட்டது.

"சாரல் அடிச்சுதுன்னு ஜன்னலைத்தான் சாத்தினேன். வாளை நான் தொடவே இல்லை" என்றாள் மனைவி.

"பின்னே பேய் வந்து தொட்டுச்சா?"

"இந்தாங்க கை. உங்க லென்ஸை வச்சு நீங்களே பாருங்க." இரண்டு கையையும் நீட்டினாள்.

அவர் பார்க்கவில்லை. "ஒண்ணும் வேண்டாம். எனக்குத் தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று ராத்திரி, நியாயஸ்தர் இல்லையா, தன் கட்டைவிரலை மட்டும் ஒரு தடவை வாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த விரலில் லென்ஸ் தேய்க்கிற சக்கரம் கிழித்த பழைய தழும்பு ஒன்று உண்டு. அது இடப்பக்கம் சாய்ந்தது. வாளில் இருந்த ரேகையிலும் ஒரு கோடு இருந்தது, ஆனால் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஆக, நான் இல்லை என்று நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அவள் அந்த வாசப்படியைத் தாண்டவில்லை. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சு, சிரிப்பு, கேலி எல்லாம் உண்டு. அந்த அறைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டாள். டீயை வெளியே முக்காலியில் வைத்துவிட்டுச் சாவிக்கொத்தால் கதவுநிலையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். இவர் கனவு கலைந்து வருவதற்குள் அது ஆறிப் போயிருக்கும். பதினோரு வருஷமாக மனிதர் ஆறின டீதான் குடிக்கிறார்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒவ்வொரு கத்திக்கும் ஓர் அட்டை எழுதி வைப்பது வழக்கம். நீளம், எடை, ஊர், காலம், சேதம் என்று. இவர் கையெழுத்தை இவரே இரண்டாம் தடவை படிக்க முடியாது. அவள் எழுத்தோ முத்து முத்தாக இருக்கும். அதனால் இவர் உள்ளேயிருந்து சொல்ல, அவள் வெளியே உச்சிப்படியில் உட்கார்ந்துகொண்டு எழுதுவாள். அறுபத்து மூன்று அட்டையும் அவள் எழுதினதுதான். பாரசீக வாளின் பதினேழாம் அட்டையில் மட்டும் கடைசி வரி காலி. 'சேதம்: துருத் தடம். காரணம்: மனைவியின் விரல்' என்று இவர் சொன்னபோது பேனாவை மூடிவிட்டாள். "அந்த வரியை நான் எழுத மாட்டேன். வேணும்னா நீங்களே கிறுக்கிக்கோங்க." இவரும் வீம்புக்கு எழுதாமலே விட்டார்.

இன்றைக்கு அந்தக் காலி வரிக்கு வேளை வந்துவிட்டது. நகரத்து அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி. அந்த வாளைக் கேட்டிருக்கிறார்கள். அருங்காட்சியகத்து அம்மா நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார். அட்டை முழுசாக இருக்க வேண்டும், அதை அப்படியே அச்சடித்து வாளின் பக்கத்தில் வைப்போம் என்று சொல்லியிருந்தார்.

"அப்ப ஊரே படிக்கும்" என்றாள் மனைவி, சோறு போடும்போது. குரலில் கோபம் இல்லை, அதுதான் இவருக்கு என்னவோ போலிருந்தது. "நான் கெடுத்தேன்னு ஊரே படிக்கட்டும்னு இருந்தா, எழுதிக்கோங்க. ஆனா அதுக்கப்புறம் எனக்கு அட்டையும் வேண்டாம், மாடிப்படியும் வேண்டாம்."

இவர் மோரைக் குடித்துவிட்டு மேலே ஏறினார். பதினான்கு படியும் அன்றைக்கு இருபத்தெட்டாக நீண்டது. அவள் எழுத வராத வீட்டில் இந்தக் கத்திகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாரிடம் போய், "இதுக்குப் பதிமூணு நெளிவும்மா" என்று சொல்வது? அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று எழுத முடியுமா? வாளை எடுத்து மேஜையில் கிடத்திவிட்டு உட்கார்ந்தார்.

நல்ல வெக்கை. திரை அசையவில்லை. கையுறைக்குள் விரல் வெந்தது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அலகில் ஓடுகிற தண்ணீரையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அது நிஜமாகவே ஓட ஆரம்பித்தது.

சாம்பல் நிறத்தில் மெல்லிய ஓடை. அதன் மேல் ஏணிப்படிகள். அவர் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படியிலும் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கீழ்ப்படியில் கருமான், நெருப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "பார்த்துப் போங்க" என்றான். அதற்கு மேலே குதிரைக்காரன் ஒருவன் கடிவாளத்தைத் தைத்துக்கொண்டிருந்தான். அதற்கும் மேலே இந்த வாளை அடகு வைக்கப் போகிறவன், முகத்தை மூடிக்கொண்டு. எல்லோருக்கும் இவரைத் தெரிந்திருந்தது. நீங்கள் எந்த ஊர், எந்தக் காலம் என்று இவர் கேட்கக் கேட்க, சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். ஏழாம் படி தாண்டினதும் கால் சொரசொரவென்று எதன் மேலோ பட்டது. எட்டாம் படியில் அவர் மனைவி நின்றாள், பதினோரு வருஷத்துக்கு முந்தின புடவையில், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. உள்ளங்கையில் மழைத்துளி. "பாருங்க" என்றாள். இவருக்குக் கழுத்து திரும்பவே மாட்டேன் என்றது. எவ்வளவோ திருப்பிப் பார்த்தார். முடியவில்லை.

டக் டக்.

சாவிக்கொத்து. தூக்கிவாரிப் போட்டது. "டீ" என்று வெளியே குரல். "மூணரை ஆச்சு."

அடித்துப் பிடித்து எழுந்தார். அந்த அவசரத்தில் கையுறை எங்கே என்று தேடாமல் லென்ஸை எடுத்தார், அதுவும் பிடியை விட்டுவிட்டுக் கண்ணாடி மேலேயே கட்டைவிரல் பதிய. வாழ்நாளெல்லாம், "லென்ஸ் மேல கையை வைக்காதீங்க" என்று ஊருக்குச் சொல்லித் திரிந்த மனுஷன்! அப்புறம் பிடிக்குக் கையை மாற்றிக்கொண்டு, குனிந்து ஏழாம் படியருகே வைத்துப் பார்த்தால் ரேகை இரண்டாகத் தெரிந்தது. தூக்கம் தெளியவில்லை என்று நினைத்துக் கண்ணைத் தேய்த்தார். லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தினார். மேலே, கண்ணாடியில் பதிந்திருந்த ரேகை நகர்ந்து போய்க் கீழே இருந்த ரேகையின் மேல் உட்கார்ந்தது. சுழி மேல் சுழி. கோட்டின் மேல் கோடு. இரண்டு கோடும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். தழும்பு இடப்பக்கம் சாய்ந்தது.

விரலில் இடப்பக்கம் இருப்பது பதிந்தால் வலப்பக்கமாகத்தான் விழும். ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற குமாஸ்தாவுக்குத் தெரியும். காலையிலிருந்து மத்தியானம் வரை கடைக்கு வருகிறவர்கள் முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டிக்கொண்டே இருக்கிற இந்த மேதாவிக்கு மட்டும் பதினோரு வருஷமாகத் தெரியவில்லை.

அப்புறம் எல்லாமே ஞாபகம் வந்தது. பெட்டியைத் திறந்த சாயங்காலம். சணல் நாரை விலக்கினதும் அந்த ஏணிப்படிகள் மின்னினதில் தலைகால் புரியாமல், கையுறை, சட்டம் எல்லாவற்றையும் மறந்து, வெறுங்கையால் அலகைப் பிடித்துத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தது. அவரேதான். வேறு யார் அவ்வளவு ஆசையாகத் தொடுவார்கள்?

அவருக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசிற்று. உலகத்துக் கத்திக்கெல்லாம் ஊர் பேர் சொன்னவன், வீட்டில் நீட்டின இரண்டு கையைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டேனே என்று இருந்தது. கதவு வரைக்கும் போனார். அவள் உச்சிப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பதினேழாம் அட்டை.

"ஏம்மா."

"சொல்லுங்க. எழுதறதா, வேண்டாமா?"

"எழுது. சேதம், ஏழாம் படிக்கும் எட்டாம் படிக்கும் நடுவே துருத் தடம்."

பேனா ஓடியது. நின்றது.

"காரணம்..." கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "உடையவரின் வலது கட்டைவிரல்."

அவள் எழுதவில்லை. திரும்பவும் இல்லை.

"நான்தாம்மா. வந்த அன்னைக்கே தொட்டுட்டேன். இப்பத்தான் பார்த்தேன். உன்மேல பழியைப் போட்டுட்டு பதினோரு வருஷம்... அதையும் எழுதிக்கோ."

"அதெல்லாம் மியூசியத்துக்கு எதுக்கு?" என்றாள். அப்புறம் அட்டையைப் பார்த்தபடியே, "லென்ஸு சொல்லித்தான் நம்பினீங்க, இல்ல? நான் சொன்னப்போ நம்பலை."

"தப்புதான்" என்றார். "அன்னைக்கு நீ கையை நீட்டினே. நான் பார்க்கலை. இப்பக் காட்டும்மா."

அவள் அந்த வரியை முழுசாக எழுதி முடித்தாள். ஊதி உலர்த்தினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், வாசப்படியில் ஒரு நிமிஷம் நின்றாள், தாண்டி உள்ளே வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்து, "திரையைத் துவைச்சு எத்தனை காலமாச்சு?" என்றாள். நேராக மேஜைக்குப் போனாள். பெட்டி நிறையக் கையுறை இருந்தது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. ஏழாம் படியருகே, பழுப்புத் தடத்துக்குப் பக்கத்தில், தன் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தி எடுத்தாள்.

எஃகின் மேல் ஆவி படிந்தது போல ஒரு ரேகை நின்றது. சின்னது. தழும்பு இல்லாதது.

"பார்த்துக்கோங்க" என்றாள். "இதுதான் என்னோடது."

அவர் குனிந்து, லென்ஸ் இல்லாமல், ரொம்ப நேரம் பார்த்தார். கீழே கடை மணி அடித்தது. அருங்காட்சியகத்து அம்மாவாகத்தான் இருக்கும். பத்து நாளில் அந்தப் புது ரேகை துருவாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். எண்ணெய்த் துணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அவளிடமிருந்து பேனாவை வாங்கி, காலி வரி இருந்த இடத்துக்குக் கீழே தன் கோழிக்கிறுக்கலில் இன்னொரு வரி எழுதினார்: 'பக்கத்தில் இருப்பது மனைவியின் விரல். துடைக்க வேண்டாம்.'