சாரம் பாண்டி

ஆம்புலன்ஸின் முகப்பில் பேனர் கட்ட சாம்ராஜ் இழுத்த கயிற்றை உலகம்மாள் எட்டிப் பிடித்துக்கொண்டாள். அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அதுவரை அவள் அழவில்லை. ஏழெட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தாள், அவ்வளவுதான். உள்ளே தம்பி இசக்கிபாண்டி. ஒரகடத்தில் காலை ஷிஃப்ட்டுக்குச் சைக்கிளில் போனவனை லாரி அடித்துப்போட்டது. தெருமுனையிலேயே கம்பெனி பஸ் நிற்க, இந்தப் பயல் ஏன் சைக்கிளில் போனான் என்று நேற்றிலிருந்து வந்தவர் போனவர் எல்லாரிடமும் கேட்டுவிட்டாள்.

பேனரில் தம்பி படம். கீழே, ‘கண்ணீர் அஞ்சலி. எங்கள் அன்பு நண்பன் சாரம் பாண்டி.’

“இது யாரு?”

“நம்ம பாண்டிதான்க்கா” என்றான் சாம்ராஜ். கம்பெனியில் தம்பியோடு ஒரே லைனில் வேலை பார்த்தவன், வாலாஜாபாத்துக்காரன். “லைன்ல அப்டித்தான் கூப்புடுவோம். முழுப் பேரு இன்னான்னு யாருக்கும் தெரில.”

“எங்க ஊர்ல சாரம்னா லுங்கி. அத எதுக்குப் பேருல போட்டிருக்கிய?”

சாம்ராஜ் கயிற்றை விட்டுவிட்டான். “வாட்ஸப்ல லைன் குரூப் ஒண்ணு கீதுக்கா. ரூம் பசங்களுக்குப் பேசி அனுப்ப வேண்டியத தெரியாம அதுல போட்டுட்டான். லுங்கியப் போயி சாரம்ன்றானேன்னு சிரிச்சோம். எவனோ மியூசிக் சேத்து வுட்டான். அப்பறம் அவன் பஸ்ல ஏறுனாலே அதான். எல்லா போன்லயும் ஒரே நேரத்துல போடுவோம்.”

“எத்தன நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும். சும்மா ஜாலிக்குத்தான்க்கா. அவனும் சிரிச்சிக்கினுதான் இருப்பான்.”

“சிரிச்சவன் எதுக்கு சைக்கிள் வாங்குனான்?”

உலகம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. பாதி சாம்ராஜ்மேல், மீதி தன்மேல். சைக்கிள் வாங்கப்போவதாகத் தம்பி போனில் சொன்னபோது, தானும் ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில், ‘உடம்புக்கு நல்லதுதாம்ல’ என்று சொல்லிப் போனை வைத்தவள் அவள்தான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“தம்பி, இத அவுத்துரு. அவன் எங்க ஊருக்கு இசக்கிபாண்டியாத்தான் போணும்.”

சாம்ராஜ் பேனரை அவிழ்த்துச் சுருட்டினான். பிறகு போனை எடுத்தான். “குரூப்ல எல்லாரையும் அழிக்கச் சொல்லிர்றேங்க்கா. என்னுதுலயும் அழிச்சிர்றேன்.”

“மொதல்ல அவன் பேசுனதப் போடு. மியூசிக் இல்லாம.”

விரலால் மேலே மேலே தள்ளித் தேடினான். அகப்பட்டதும் அழுத்தினான். ‘ஏல, மழ வருது. கொடியில எஞ்சாரம் கெடக்கு, எடுத்து உள்ள போடுங்கல. நா வர நேரமாவும்.’ பின்னால் மிஷின் இரைச்சல். பத்து விநாடியில் முடிந்துவிட்டது.

உலகம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். டிரைவர் யாக்கோபு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“அழிச்சிரட்டாக்கா?”

“வேண்டாம். அவங் கொரலு எங்ககிட்ட வேற கெடையாது.” தன் போனை நீட்டினாள். “இதுல ஏத்திக் குடு.”

பட்டன் போன். “இதுல வராதுக்கா.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அப்ப நீயும் வா. எங்க அம்மைக்கு நீதான் போட்டுக் காட்டணும்.”

உடல் வைத்த பெட்டியை ஏற்றினார்கள். ஊர் போய்ச் சேரப் பத்து மணி நேரம் ஆகும் என்றார் யாக்கோபு. சாம்ராஜ் போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான். போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு எதிரே ஏறி உட்கார்ந்தான்.